ஏழரை அம்மாவின் கடைசிப் பக்கம்

மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்த மடக்கு நாற்காலிகளை எடுக்கத்தான் தம்பி குனிந்தான். கூடத்தில் துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் எழுந்து பார்க்க முடிந்திருந்தால், "வந்தவங்களை நிக்க வெச்சே அனுப்பிடலாம்னு இருக்கியாடா?" என்று ஒரு பிடி பிடித்திருப்பாள். நாற்காலிகளுக்கு முன்னால் ஐந்து அட்டைப்பெட்டிகள் வழியை மறித்தன. காலாலேயே ஒதுக்கினான். முதல் பெட்டி கனமாக நகர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, கால் பட்டதுமே சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது.

குனிந்து திறந்து பார்த்தான். காலி.

நான்காவது பெட்டியில் ஒரு பாட்டில் இருந்தது. ஐந்தாவதில் இரண்டு பாட்டில்கள், வந்து இறங்கியபோது எப்படி இருந்தனவோ அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

நாற்காலியை மறந்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஆனாலும் இந்த வீட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவன் தம்பிதான். அக்கா அப்படிப்பட்ட அக்கா. பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள், பத்தொன்பது வருஷமாக ஒரு மாதப் பத்திரிகையில் பீருக்கு மதிப்புரை எழுதினாள். எல்லா பீருக்கும் இல்லை. பெல்ஜியத்து மடங்களில் காய்ச்சுகிற பாணியில் சின்னச் சின்னப் பட்டறைகள் காய்ச்சுகிற, கறுத்த, கனத்த, ஒரு குவளை உள்ளே போனாலே காது மடல் சூடாகிற பீருக்கு மட்டும். பத்துக்கு ஏழரைக்கு மேல் அவள் பேனா ஏறியதே இல்லை. பட்டறைக்காரர்கள் 'ஏழரை அம்மா' என்று பேர் வைத்தார்கள். மதிப்பெண்ணைச் சொல்கிறார்களா, தங்களைப் பிடித்த சனியைச் சொல்கிறார்களா என்று அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை. இரண்டுமே சரிதான் என்பது அவள் எண்ணம்.

திட்டினாலும் பாட்டிலை அனுப்பிவிட்டுத்தான் திட்டுவார்கள். ஏழரை அம்மா ஏழு போட்டால் அந்தப் பட்டறைக்கு அந்த வருஷம் கவலை இல்லை. நாலு போட்டால் காய்ச்சியவன் ஒரு வாரம் சாப்பிட மாட்டான். பிறகு தொட்டியைக் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். அப்படி ஒரு நாக்கு. சும்மா சொல்லக் கூடாது, தம்பிக்கு அந்த நாக்கின் மேல் அக்காவைவிடப் பெருமை. பேருந்தில் பழகிய பயணிகளிடமெல்லாம், "எங்கக்கா ஒரு வாய் குடிச்சா எந்த மாசம் காய்ச்சினதுனே சொல்லிடுவா" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே அளந்துவிடுவான்.

அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கிறவன் இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவன். அதனால்தான் அந்த வேலை அவனுக்கு வந்தது. பட்டறைகள் ஆளுக்கு இரண்டு பாட்டில் அனுப்பும்: ஒன்று குடித்துப் பார்க்க, ஒன்று பின்னால் சந்தேகம் வந்தால் திறக்க. பெட்டிக்கு ஒன்றாக எடுத்து, லேபிள் தெரியாமல் பழுப்புத் தாளைச் சுற்றி, நம்பர் போட்டு, சமையலறையில் ஊற்றி, குவளையை மட்டும் அக்காவிடம் கொண்டுபோவான். எந்த நம்பர் எந்தப் பட்டறை என்கிற பட்டியல் அவன் சட்டைப்பையில் இருக்கும். அக்கா இரண்டே இரண்டு மிடறு குடிப்பாள். துப்ப மாட்டாள். "பீரைத் துப்பிட்டா கசப்பை யாரு பார்க்கிறது? அது தொண்டை வாசல்லதானே நிக்குது" என்பாள். எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகுதான் பட்டியலைக் கேட்பாள்.

நான்கு நாளைக்கு முன்னால் அவன் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டாவது பாட்டிலைச் சுற்றி வைத்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அக்காவின் இருதயத்தைப் பார்த்த டாக்டர், சுற்றி வளைக்காமல் சொன்னார். ஒரு மாதம் தாங்கினால் அதிகம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள். தம்பி "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்தான். பிறகு வந்து மிச்சப் பாட்டில்களை எடுத்தான், சுற்றினான், நம்பர் போட்டான். கண் மறைத்துக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு குவளைகளைக் கொண்டுபோனான். அவள் மூன்றைக் குடித்து எழுதினாள். நான்கைக் குடித்து எழுதினாள். ஐந்தாவது குவளை மூக்குக்குப் பக்கத்தில் போனதுமே நின்றுவிட்டாள். ஒரு மிடறு குடித்தாள்.

"டேய், இது மூணாவது."

"அஞ்சுக்கா."

"மூணாவதையே திரும்ப ஊத்திட்டு வந்திருக்க."

"இல்லக்கா. நான்தானே சுத்தினேன், நான்தானே நம்பர் போட்டேன். தாள்ல அஞ்சுனு இருக்கு, வேணா வந்து பாரு."

"தாளைக் குடிக்கவா நான் உக்காந்திருக்கேன்? போ, இன்னொரு குவளை ஊத்திட்டு வா."

ஊற்றிக்கொண்டு வந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கண்ணைத் திறந்து குவளையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். தம்பியால் அந்தப் பார்வைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி. எடுத்துட்டுப் போ" என்றாள்.

அவ்வளவுதான். அரை மதிப்பெண்ணுக்காக ஆசிரியரோடு ஒரு மணி நேரம் ஃபோனில் மல்லுக்கட்டுகிறவள், குவளையை நகர்த்திவிட்டு நோட்டில் நாலு வரி எழுதிப் பேனாவை மூடினாள். பட்டியலைக்கூடக் கேட்கவில்லை. போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்திருப்பான். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் அவன் மனசு விட்டுப்போயிற்று. ஒரு வருஷமாக வேளைக்கு ஏழு மாத்திரை விழுங்கியதில் அக்காவின் நாக்கு செத்துவிட்டது, அது அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று தானாகவே முடிவு கட்டினான்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. சாயங்காலம் பேருந்து நிலையத்திலிருந்து பத்திரிகை ஆசிரியருக்கு ஃபோன் போட்டான். "சார், அக்காவுக்கு இப்போ ருசி தெரியலை. ஒண்ணையே ரெண்டுங்கிறாங்க, ரெண்டை ஒண்ணுங்கிறாங்க. இந்த மாசப் பக்கத்தை நிறுத்திடுங்க. அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். அக்காவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. நேற்று மதியம் அக்கா சாய்வு நாற்காலியில் கண் மூடியவள் மூடியவள்தான். ஆசிரியர் மூலம் சேதி பரவி, இன்று காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "பாவம், கடைசியில நாக்கே போயிடுச்சாமே."

நாக்கு போகவில்லை. செத்துக்கொண்டிருந்தபோதும் அது சரியாகத்தான் சொன்னது. போய்விட்டது என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டது கூடப்பிறந்தவன்.

நாற்காலி வராததைக் கண்டு தேடிக்கொண்டு வந்த மனைவி, காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பதறினாள். அவன் சொல்லி முடிக்கும்வரை வாசலை மறைத்து நின்று கேட்டாள்.

"இப்போ என்ன பண்ணப் போறீங்க?"

"சொல்லணும்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான்."

"அவங்களை எடுக்கப்போற நேரத்துல இதையா பேசறது? நாளைக்கு ஆசிரியருக்கு ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சுது."

"இன்னிக்கு மதியம் புத்தகம் அச்சுக்குப் போகுது. அக்காவுக்கு ருசி போயிடுச்சுனு அஞ்சலியில போட்டிருக்காராம்."

"போகட்டுமே. முடியாதவங்களுக்கு ருசி தெரியலைன்னு போட்டா அவங்க மரியாதை குறைஞ்சுடுமா என்ன? நீங்க பாட்டிலை மாத்திட்டீங்கனு தெரிஞ்சாதான் ஜனங்க உங்களைக் காறித் துப்புவாங்க. நாலு பேருக்கு முன்னாடி நின்னு நீங்க என்னிக்குப் பேசியிருக்கீங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பேருந்தில் ஐம்பது பேர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வாய் கிழியப் பேசுவான். நாலு பேர் முகத்துக்கு நேரே நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று விட்டுவிடலாம்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அக்கா வீடு வாங்கலை, நகை சேர்க்கலை. அந்த ஒண்ணுதான் வெச்சிருந்தா" என்றான். "அதைப் போய் நான் இல்லைனு சொல்லியிருக்கேன்."

மனைவி நாலு நாற்காலிகளை அவன் கையில் கொடுத்தாள். மிச்சத்தை அவளே தூக்கிக்கொண்டாள்.

கூடத்தில் ஆசிரியர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில்தான் தொங்கும். எடுப்பதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். அச்சுக்குப் போகிற அஞ்சலிக் குறிப்பையே கையில் வைத்திருந்தார். சுவரோரம் பட்டறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பீப்பாய்க்காரர் என்று பேர் வாங்கிய பெரிய பட்டறை முதலாளியின் தலை கதவு நிலையின் மேல்கட்டை உயரத்தில் தெரிந்தது. கதவருகில், பட்டறை வைத்து மூன்று வருஷமே ஆன பெண் ஒருத்தி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். பிறந்தது, படித்தது, மருந்துக்கடை, பத்தொன்பது வருஷம். "...நோயின் கடுமையில் நாவின் ஆற்றலை முற்றிலும் இழந்துவிட்ட இறுதி நாட்களிலும்கூட, தம் பணியை விடாமல்..."

"நிறுத்துங்க சார்!"

படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டுகிற குரல் அது. தம்பிக்கே தூக்கிவாரிப்போட்டது. கூடம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. நாற்காலிகளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே ஓடினான். இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, சவப்பெட்டியில் கிடந்த அக்காவின் கால்மாட்டில் வைத்தான்.

"அக்காவுக்கு நாக்கு போகலை. நான்தான் பாட்டிலை மாத்திட்டேன். அஞ்சாவது பெட்டியில இருந்து எடுக்கிறதுக்குப் பதிலா மூணாவதுல இருந்தே ரெண்டையும் எடுத்துட்டேன். பாருங்க, மூணு காலி. அஞ்சுல ரெண்டும் அப்படியே இருக்கு. அக்கா அப்பவே சொன்னாங்க, இது மூணாவதுடானு. நான்தான் இல்லைனு சாதிச்சேன். அப்புறம் உங்களுக்கு ஃபோன் போட்டு, அவங்களுக்கு ருசி தெரியலைன்னு... நான்தான் சார். எல்லாம் நான்தான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

ஆசிரியர் அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, உங்க மனசு எனக்குப் புரியுது. பெட்டி மாறினது சரி. ஆனா அவங்க அதைக் கண்டுபிடிச்சாங்கனு நீங்க ஒருத்தர்தானே சொல்றீங்க? உங்களைப் பொய் சொல்றீங்கனு சொல்லலை. அச்சுல போடறேன்னா எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும் இல்லையா?"

தம்பிக்கு அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது. டைப் அடித்து அனுப்பும்வரை அக்காவின் நோட்டை யாரும் தொடக் கூடாது. பத்தொன்பது வருஷமாகத் தினமும் தூசி தட்டியிருக்கிறான், ஒருநாளும் பிரித்ததில்லை. உள்ளே போய் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே என்ன இருக்குமோ என்று பயமாகவும் இருந்தது. 'எனக்கு ருசி தெரியவில்லை' என்று அவளே எழுதி வைத்திருந்தால்? கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய சின்னச் சின்ன எழுத்து.

சத்தமாகப் படித்தான்.

"மூன்று. ஆழ்ந்த பழுப்பு. நுரை அவசரப்படாமல் இறங்குகிறது. மூக்கில் உலர்திராட்சை, கிராம்பு. நடுநாக்கில் கருக்கிய சர்க்கரை, நன்றாக இருக்கிறது. விழுங்கிய பிறகு சூடு தொண்டையை உரசுகிறது. இன்னும் ஆறு மாதம் தொட்டியில் கிடந்திருக்க வேண்டியது. காய்ச்சியவருக்குத் தெரியும், பொறுமை இல்லை. ஆறு."

நாலாவதைத் தாண்டினான். அடுத்த வரியைக் கண்ணால் முதலில் பார்த்துக்கொண்டான். குரல் நிமிர்ந்தது.

"ஐந்து. மூன்றேதான். பாட்டில் வேறு, தொட்டி ஒன்று. இரண்டாம் குவளை வாங்கியும் பார்த்துவிட்டேன். அதே உரசல், அதே அவசரம். ஆறு. உண்மையான ஐந்து பெட்டியிலேயே இருக்கும், தேடினால் கிடைக்கும்."

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. தம்பி வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.

'இவன் சுற்றும்போது ஃபோன் வந்தது. முகத்தைப் பார்த்தேன், என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்தது. பாட்டிலைப் பற்றி வாதாடினால் அதையும் சொல்ல வேண்டியிருக்கும் அவனுக்கு. இன்னொரு நாள் சரிசெய்துகொள்ளலாம்.'

அந்த எழுத்துகளை அவன் இரண்டாம் முறை படித்தான். மூன்றாம் முறையும் படித்தான். எவனுக்கும் எதையும் விட்டுக்கொடுக்காத அக்கா அவள்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு போலிருக்கே தம்பி?" என்று ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"அது பீரைப் பத்தினது இல்ல சார்" என்று நோட்டை மூடினான்.

மூன்றாவது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருந்த பட்டறைப் பேரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தலையாகப் பீப்பாய்க்காரர் பக்கம் திரும்பியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தம்பி இரண்டடி பின்வாங்கினான்.

"திரும்பப் படிங்க. அவசரம்னா எழுதியிருக்காங்க?"

"ஆமாங்க."

"ஆறு மாசம்னா?"

"ஆமாங்க."

பெரிய மனிதர் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். "இந்த வருஷக் கண்காட்சிக்குனு ஆறு மாசம் முன்னாடியே தொட்டியைத் திறந்துட்டேன். என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அந்தம்மா தெரிஞ்சு வெச்சிருக்காங்க." பிறகு அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "ஏம்மா, ரெண்டு தடவை குடிச்சீங்களே, ரெண்டாவது தடவையாவது ஒரு அரை ஏத்திப் போடக் கூடாதா?"

சுவரோரத்திலிருந்து யாரோ 'க்ளுக்' என்றார்கள். அடுத்த நொடி கூடமே சிரித்தது. துக்க வீட்டில் இப்படி ஒரு சிரிப்பா என்று வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆசிரியரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். பீப்பாய்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு, "யாருக்குக் கிடைச்சுது இது? ஒரே பீருக்கு ரெண்டு ஆறு!" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

கதவருகில் நின்ற பெண் மெதுவாக வந்து ஐந்தாவது பெட்டியைத் தொட்டாள். "அப்போ, அம்மா என்னோடதைக் குடிக்கவே இல்லையா?"

தம்பி அவள் பக்கம் வந்தான். "இல்லம்மா. என் தப்புதான். மன்னிச்சுக்கோ."

"மூணு வருஷம் கழிச்சு இதைத்தான் தைரியமா அனுப்பினேன்" என்றாள். அழுதாள். அழுதபடியே தலையை நிமிர்த்தினாள். ஆசிரியர், வேறு ஒருவரை வைத்து மதிப்பெண் போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை. "வேண்டாம் சார். குடிக்கலைன்னே போடுங்க. ஏழரை அம்மா வராத இடத்துல வேற யாரும் வேண்டாம்."

ஆசிரியர் அஞ்சலிக் குறிப்பைச் சுவரில் வைத்து, நாவைப் பற்றிய வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்தார். "என்ன எழுதட்டும் தம்பி?"

"அக்கா எழுதினதை எழுதினபடியே போடுங்க. கீழே, பாட்டிலை மாத்திச் சுத்தினது தம்பினு போட்டுடுங்க."

"உங்களை எதுக்கு அதுல?"

"போடுங்க சார். இல்லேன்னா அக்கா தப்புனு நாளைக்கு எவனாவது சொல்லுவான்."

ஆசிரியர் எழுதிக்கொண்டார். வாசலுக்குப் போய் அச்சகத்துக்கு ஃபோன் போட்டு, மதியம் வேண்டாம், சாயங்காலம் ஓட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்.

குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. சவப்பெட்டியைத் தோளில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முன்பக்கம் வலது மூலையைத் தம்பி பிடித்தான். இடது மூலைக்கு ஆசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். பீப்பாய்க்காரர் அவரை இரண்டு கையாலும் பிடித்து ஒருபக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இது என் இடம்" என்றார்.

தூக்கியதும் சவப்பெட்டி தம்பி பக்கம் சாய்ந்தது. அவனைவிட அவர் ஒரு முழம் உயரம். தம்பி தோளை உயர்த்திப் பார்த்தான், கால்விரலில் எம்பிப் பார்த்தான், எட்டவில்லை. பீப்பாய்க்காரர் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தினார். இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அந்தப் பெரிய உடம்போடு, பாதி உட்கார்ந்த வாக்கிலேயே, மண்மேட்டைச் சுற்றிப் பள்ளத்தைச் சுற்றித் தெருமுனைவரை நடந்தார்.